நேபாள மலைத் தோட்டத்துல குடும்பத்தோட வேலை: 3 கோடை லீவு போய் வந்த அனுபவம்

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுக்கா. கேரளாதான், ஆனா வீட்லயும் கடைவீதிலயும் தமிழ்தான். நான், வீட்டுக்காரர், பொண்ணு, பையன் நாலு பேரும் 2019, 2023, 2025ன்னு மூணு கோடை லீவுக்கு நேபாளம் போய் தோட்டத்துல வேலை செஞ்சுட்டு வந்தோம், மொத்தமா கூட்டினா 3 மாசத்துக்கு மேல வரும். கொழந்தைங்கள கூட்டிட்டு போலாமா, தாங்குவாங்களான்னு சொந்தக்காரங்கள்ல இருந்து பையனோட டீச்சர் வரைக்கும் கேட்டுட்டாங்க, அதான் ஒரேயடியா எழுதிடறேன்.

மொதல்ல ஏற்பாடு என்னன்னு சொல்லிடறேன். வூஃப்னு ஒரு அமைப்பு இருக்கு, 1971ல இங்கிலாந்துல சூ காப்பர்ட்ங்கற அம்மா ஆரம்பிச்சது. இயற்கை விவசாயம் பண்ற எடத்துல நாளைக்கு 4லேர்ந்து 6 மணி நேரம் நாம வேலை செய்யணும், அவங்க சோறும் படுக்க எடமும் குடுப்பாங்க, காசு கைமாறாது. இதுல விசா விஷயம் முக்கியமுங்க. நியூசிலாந்து மாதிரி நாட்டுல சோறும் தங்கற எடமும் வாங்கினாலே அது கூலி வாங்கின மாதிரின்னு கணக்கு, விசிட்டர் விசால போய் செய்யக்கூடாது. நேபாளத்துக்கு நமக்கு விசாவே வேண்டாம், பெரியவங்களுக்கு பாஸ்போர்ட்டோ வோட்டர் ஐடியோ ஏதாவது ஒண்ணு போதும். அதனாலதான் நாங்க அங்க போனோம், செலவும் கட்டுப்படி ஆச்சு.

பாலக்காட்டுல ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறினா ரெண்டு நாளுக்கு மேல ஓடி கோரக்பூர், அங்கிருந்து பஸ்ல சோனாலி பார்டர், நடந்தே தாண்டிடலாம். அப்பறம் பூட்வல் தாண்டி மலை ஏறினா தான்சேன், பால்பா ஜில்லா. நம்ம 100 ரூபாய்க்கு அங்க 160. கடிகாரத்த 15 நிமிஷம் முன்னாடி தள்ளி வைக்கணும். நாங்க போனப்ப வார லீவு சனிக்கிழமை. அப்ப 100 ரூபாய்க்கு மேல இருக்கற நம்ம நோட்ட வாங்கவே மாட்டேன்னாங்க, சில்லறை நோட்டா கொண்டு போனது கை குடுத்துச்சு.

2019ல மொதல்ல போன எடம் சரியில்ல. தோட்டம்னு போட்டிருந்தாங்க, போய் பாத்தா தங்கறதுக்கு வர்றவங்களுக்கு ரூம் கூட்டறது, பெட்ஷீட் தொவைக்கறதுதான் வேலை. 5 மணி நேரம்னு பேசினது 8 மணி நேரமாச்சு, அப்ப 7 வயசு பொண்ணு, அவளையும் தண்ணி தூக்க சொன்னாங்க. அஞ்சாவது நாள் கெளம்பிட்டோம். இன்னைக்கு நெனச்சாலும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கத்துக்கிட்டோம். குடும்பமா போனா நாலு வாய், வேலைக்கு நாலு கைதான். கொழந்தைங்க சாப்பாட்டுக்கு எப்படி, அவங்க வேலை செய்யணுமா வேண்டாமான்னு போறதுக்கு முன்னாடியே போன்ல பேசி முடிச்சுக்கணும். அடுத்த வீட்ல நாங்களே கேட்டோம், கொழந்தைங்க அரிசி பருப்புக்கு தனியா பணம் தர்றோம்னு, அவங்க பாதிதான் வாங்கிக்கிட்டாங்க.

அந்த அடுத்த வீடுதான் இத்தன வருஷமா எங்க வீடு மாதிரி ஆனது. அந்த அம்மாக்கு 60 வயசு இருக்கும், வீட்டுக்காரர் இல்ல, பையன் கத்தார்ல. எங்க பக்கம் வீட்டுக்கு வீடு ஒருத்தர் வளைகுடால இருக்கற மாதிரியே அங்கயும், மலைச்சரிவுல பாதிக் காடு ஆள் இல்லாம தரிசா கெடக்கு. நேபாளில அம்மாவ ஆமான்னு சொல்லுவாங்க, நாங்களும் அவங்கள அப்படித்தான் கூப்பிட்டோம். எம் பையனுக்கு அது பயங்கர குஷி, அவங்க எது கேட்டாலும் "ஆமா, ஆமா"ம்பான், கூப்பிட்ட மாதிரியும் ஆச்சு, சரின்னு சொன்ன மாதிரியும் ஆச்சு.

வேலை என்னன்னா ஏப்ரல் மே மாசத்துல கோதுமை அறுப்பு, மக்காச்சோளத்துக்கு களை கொத்து, எருமைக்கு தழை வெட்டறது, எரு சொமக்கறது. மேட்டாங்காட்ட பாரிங்கறாங்க, நெல்லு வயல கேத்துங்கறாங்க. எரு சொமக்கறதுக்கு டோகோன்னு ஒரு மூங்கில் கூடை. நான் நம்ம ஊரு வழக்கப்படி சும்மாடு சுத்தி தலைல வைக்க பாத்தேன், நிக்கல, அடிப்பக்கம் கூம்பா இருக்கு. ஆமா வந்து கூடைய முதுகுல வெச்சு, பட்டைக் கயித்த நெத்திக்கு மேல மாட்டிவிட்டு, ரெண்டு கையும் காதுகிட்ட கயித்த புடிச்சுக்கோ, முன்னால சாஞ்சு நட, கீழ பாருன்னு நடந்தே காட்டினாங்க. மொத நாலு நாள் கழுத்த திருப்ப முடியல. எட்டாவது நாள் நானே நாலு படிக்கட்டு வயல் ஏறிட்டேன்.

இதனாலதான் சொல்றேன், ஒரு வாரம் பத்து நாள்னு போகாதீங்க. மொத வாரம் நமக்கு சொல்லிக் குடுக்கறதே அவங்களுக்கு ஒரு ஆள் வேலை. 3 வாரமாவது இருந்தாத்தான் நம்மளால அவங்களுக்கு பிரயோஜனம். போனா அதே வீட்டுக்கு திரும்பப் போங்க. 2023ல ரெண்டாவது தடவை போனப்ப நடந்தத சொல்லியாகணும். அங்க பர்மான்னு ஒரு வழக்கம், இன்னைக்கு உன் காட்டுக்கு நான் வந்தா நாளைக்கு என் காட்டுக்கு நீ வரணும், கூலி கெடையாது. எங்கப்பா நெலக்கடலை போட்ட காலத்துல எங்க ஊர்லயும் இப்படி ஆள் மாத்திக்குவாங்க. அன்னைக்கு ஆமா என்னைய பக்கத்து வீட்டு மக்காச்சோளத்துக்கு களை கொத்த அனுப்பிட்டாங்க. மறுநாள் அந்த வீட்டுப் பொண்ணு எங்க காட்டுக்கு வந்துச்சு, என் ஒரு நாளுக்கு பதில் ஒரு நாள். என் வேலைய அந்த ஊர் ஒரு ஆள் வேலையா கணக்குல எடுத்துக்கிச்சேன்னு அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட சொல்றப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு.

சாப்பாடு காலைல 10 மணிக்கு பருப்பு சோறு, ராத்திரி மறுபடியும் அதே. 7 மணிக்கு டிபன் சாப்ட்டு பழகின கொழந்தைங்க துடிச்சுப் போயிடும், அங்க அவல் நல்லா கெடைக்கும், பால் ஊத்தி குடுத்துடுங்க. டெடோன்னு நம்ம ராகிக் களி மாதிரியே கிண்டறாங்க. பொண்ணு ஒருநா செடில கைய வெச்சு துள்ளிட்டா, நம்ம செந்தட்டி மாதிரி அரிக்கற சிஸ்னு. சாயங்காலம் அதே செடியோட கொழுந்த ஆமா மூங்கில் இடுக்கில கிள்ளி கொழம்பு வெச்சாங்க, வெந்ததும் அரிப்பு போயிருது, பொண்ணு ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சா. தண்ணி மட்டும் கொதிக்க வெச்சுத்தான் குடிக்கணும், 2023ல பையனுக்கு வயித்தால போய் மூணு நாள் நான் காட்டுக்கே போகல.

பரீட்சை முடிஞ்ச கையோட கெளம்பினா சித்திரை ஒண்ணு அங்கதான் வரும். அவங்களுக்கும் அன்னைக்குத்தான் வருஷப் பொறப்பு, வைசாக் ஒண்ணு, 2025ல அவங்க கணக்குக்கு 2082. ஆமா வீட்டு கருவாவ, அது தான்சேன்ல செய்யற மூக்கு வெச்ச வெங்கலச் செம்பு, அச்சு அசல் நம்ம கிண்டி, அத தேய்ச்சு வெச்சு கோதுமையும் பூவும் பரப்பி, கண் முழிச்சதும் மொதல்ல பாக்கறதுக்கு நான் விஷுக் கனி வெச்சேன். விடியால ஆமாவ கண்ண மூடி கூட்டிட்டு வந்தது எம் பொண்ணு.

நாற்று நடவு பாக்கணும்னு ஆசை, அது ஆஷாட மாசம், ஜூன் கடைசி. எங்களுக்கு ஜூன் ஒண்ணாந்தேதி பள்ளிக்கூடம் தொறந்துரும். பொண்ணு பிளஸ் டூ முடிச்ச வருஷம் வர்றோம்னு சொல்லிட்டு வந்திருக்கோம். ஒரு டோகோ குடுத்து விட்டாங்க, ரயில்ல மேல் பெர்த்துல கட்டி கொண்டு வந்தோம், இப்ப எங்க தென்னந்தோப்புக்கு எரு அதுலதான் போகுது.