கேமிங் கன்ட்ரோலருக்கு முன்பணம் கொடுக்கும் முன்: குமரி மாவட்டத்து மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் வீட்டார் கவனத்துக்கு

"உங்கள் பிள்ளையின் கைக்கு ஏற்றபடி ஸ்பெஷல் கேமிங் செட்டப் செய்து தருகிறோம்" என்று நம் மாவட்டத்துக்குள்ளேயே இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓடுகிறது. பிள்ளையின் கையை நேரில் வந்து பார்க்காத யாருக்கும் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். நாங்கள் 26,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். கூடவே ஐந்து மாதமும் போயிற்று. எங்களுக்குப் பணத்தைவிட அந்த ஐந்து மாதம்தான் பெரிது.

என் அக்கா மகனுக்கு 16 வயது. டுஷேன் என்கிற தசைச்சிதைவு நோய். பதினொரு வயதில் நடை நின்று வீல்சேருக்கு வந்தான். இந்த நோயில் கையைப் பொறுத்தவரை தோளும் மேல்கையும் முதலில் தளரும், விரல் அசைவு அதற்குப் பிறகும் வெகுநாள் நிற்கும். தானே சோற்றை எடுத்து வாயில் வைக்க முடியாதவன், கையைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டால் மவுஸை நகர்த்திவிடுவான். கார் ரேஸ் கேம் என்றால் அவனுக்கு உயிர். கூடப் படிக்கிற பையன்கள் சாயங்காலம் கிரவுண்டில் ஆடிவிட்டு வந்து, இரவு எட்டு மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இவனோடு ஆடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் எல்லோரும் ஒரே ரோட்டில் வண்டி ஓட்டுவார்கள்.

போன வருடம், கன்ட்ரோலரின் பின்பக்கத்து ட்ரிகர் பட்டனை அழுத்த அவன் விரலுக்குப் பலமில்லாமல் போனது. "மாமா, ஆக்சிலரேட்டர் பிடிக்க முடியல" என்று ஒரு தடவை சொன்னான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. எட்டு மணிக்கு ஹெட்செட் மேசையிலேயே கிடந்தது. அவன் பேசாமல் இருந்ததைப் பார்க்க முடியாமல்தான் நான் தேட ஆரம்பித்தேன்.

விளம்பரத்தில் ஒரு பையன் முழங்கையால் பெரிய பட்டனை அழுத்திக் கார் ஓட்டும் வீடியோ இருந்தது. போன் செய்தேன். எடுத்த ஆள், மாற்றுத்திறனாளிகளுக்காக மைக்ரோசாப்ட் செய்யும் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, நான்கு சுவிட்சும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் மாட்டித் தருவதாகச் சொன்னார். மொத்தம் 34,000 ரூபாய். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் 5, பிசி என்று எல்லாவற்றிலும் வேலை செய்யுமாம். கடையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "வீட்டில வச்சுதான் செய்றோம் சார், அழகியமண்டபத்தில ஒரு பேக்கரியில பாக்கலாம்" என்றார். பார்த்தோம், டீ குடித்தோம், மரியாதையாகத்தான் பேசினார். 20,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். கணக்கில் வந்த பெயர் அவருடையது அல்ல, "மச்சான் கணக்கு" என்றார். ஆகஸ்டில் கஸ்டம்ஸ் வரி என்று இன்னொரு 6,000 கேட்டார். அதையும் அனுப்பினேன்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். அத்தானுக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு. ஆனிச் சாரலில் பாதி நாள் வேலை கிடையாது. அந்த மாதத்தில்தான் அக்கா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

நவம்பரில் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பிளைவுட் பெட்டி, மேலே மைக்கா ஒட்டியிருந்தது. பழைய வீடியோகேம் பார்லர்களில் இருக்குமே, அந்த மாதிரி ஆறு வட்டப் பட்டன், ஒரு குச்சி ஜாய்ஸ்டிக். உள்ளே திறந்து பார்த்தால் அந்தப் பார்லர் பெட்டிகளுக்குப் போடும் மலிவான யுஎஸ்பி போர்டு. மைக்ரோசாப்ட் பெயர் எங்குமே இல்லை. கடல் தாண்டி வராத பெட்டிக்குத்தான் நாங்கள் கஸ்டம்ஸ் வரி கட்டியிருக்கிறோம்.

அது ஏன் அவனுக்கு உதவாது என்பதை விளக்கமாகவே சொல்கிறேன். அந்தக் குச்சி முழுதாகச் சாயும் அல்லது நிமிர்ந்து நிற்கும், நடுவில் ஒன்றும் கிடையாது. லேசாக ஸ்டீயரிங் ஒடிக்க முடியாமல் கார் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் மோதிக்கொண்டே போனது. நிறைய கேம்கள் அந்தப் போர்டைக் கன்ட்ரோலராகவே எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் விட மோசம் பட்டனின் ஸ்பிரிங். பார்லர் பட்டன் பலரும் ஓங்கி அடிப்பதைத் தாங்க வேண்டியது, அதனால் அதன் ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங். மருமகன் இரண்டு விரலையும் சேர்த்து வைத்து முயன்றான். பட்டன் கால்வாசிதான் இறங்கியது. முகம் சிவந்துவிட்டது. "பரவாயில்ல மாமா, பெறகு பாப்பம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

போன் செய்து சொன்னேன். அதற்கு வந்த பதில்: "நல்லா அமுக்கிப் பழகட்டும் சார், பிசியோதெரபி மாதிரி. கைக்குப் பலம் வரும்." இதைப் படிக்கும் யாரும் இந்தப் பேச்சை நம்பிவிடாதீர்கள். டுஷேன் உள்ள பிள்ளையின் தசையை அதன் சக்திக்கு மீறி உழைக்க வைத்தால் பலம் வராது, இருக்கிற தசையும் சேதப்படும். பாரமான பயிற்சி கூடாது என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள். பணத்தை எடுத்துக்கொண்டதைக்கூட ஒரு நாள் நான் மறக்கலாம், இந்தச் சொல்லை மறக்கமாட்டேன்.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், ஆர்டரின் பேரில் செய்த பொருள், திருப்ப முடியாது என்றார். மீதி 14,000 கொடுத்தால்தான் சர்வீஸ் என்றும் சொன்னார். பில் கேட்டேன், தரவில்லை. அதற்குள் ஜூன் மாதம் பலமாக இருந்த அவனுடைய வலது கட்டைவிரல் நவம்பரில் தளர்ந்திருந்தது. ஐந்து மாதம் பெரிது என்று மேலே சொன்னது இதனால்தான். சரியான பொருள் ஜூலையிலேயே வந்திருந்தால், அந்தக் கட்டைவிரலால் அவன் ஐந்து மாதம் ஆடியிருப்பான்.

இந்தக் கருவிகளைப் பற்றி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் பேக்கரியிலேயே எழுந்து வந்திருப்பேன். உண்மையான எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் 2018-ல் வந்தது. மேலே இரண்டு பெரிய பட்டன், பின்னால் ஹெட்போன் மாட்டுவது போன்ற 3.5 மி.மீ. துளைகள் 19. எந்த விரல் அசைகிறதோ, பாதமோ கன்னமோ, அங்கே ஒரு சுவிட்சை வைத்து, அதன் ஒயரைத் துளையில் மாட்டினால் கன்ட்ரோலரின் ஒரு பட்டன் அது. வெளிவந்தபோது அமெரிக்காவில் 99.99 டாலர், சுவிட்சுகள் தனி விலை. அது எக்ஸ்பாக்ஸுக்கும் விண்டோஸுக்கும் உரியது. பிளேஸ்டேஷன் 5-க்கு சோனி 2023 டிசம்பரில் ஆக்சஸ் கன்ட்ரோலர் என்று தனியாகவே ஒன்றை இறக்கியது. எல்லாவற்றிலும் ஓடும் என்று ஒருவர் சொன்னாலே சந்தேகப்பட வேண்டும். இறக்குமதி என்றால் கஸ்டம்ஸ் ரசீதைக் கேளுங்கள். வீடியோ காட்டினால், அதே கருவியைத் தன் கையில் வைத்து இன்றைய தேதியைச் சொல்லி ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். எங்களுக்குக் காட்டியது வேறு நாட்டு வீடியோ, பிறகுதான் கண்டுபிடித்தேன்.

இதைவிட முக்கியம், அவர் என்ன கேட்கிறார் என்பது. எந்த விரல் அசையும், எவ்வளவு தூரம் அசையும், எத்தனை நிமிடத்தில் களைக்கும், உட்கார்ந்து ஆடுவானா சாய்ந்தா, எந்த கேம்? இதில் ஒன்றைக்கூட அந்த ஆள் கேட்கவில்லை. விலாசம் மட்டும் கேட்டார்.

சரி, புகார் விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முதலில் பதிவு செய்தேன், அவர் தரப்பிலிருந்து பதில் இல்லை. கூரியர் கவரில் இருந்த விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். உடனே போன் வந்தது, 5,000 தருகிறேன், விஷயத்தை விட்டுவிடுங்கள் என்று. மறுத்துவிட்டேன். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வர்த்தக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிக்காதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படித்தான். அதனால் பெட்டி வந்த அன்றே படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் குறையைச் சொல்லிவிடுங்கள். நான் முதல் பத்து நாளை போனில் பேசியே வீணாக்கினேன்.

மருமகன் இப்போது ஆடுகிறான். தக்கலையில் என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் மொபைல் சர்வீஸ் செய்யும் தம்பி ஒருவர் வீட்டுக்கே வந்தார். அரை மணி நேரம் அவன் விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மவுஸிலிருந்து க்ளிக் சுவிட்சைக் கழற்றினார், மிக லேசாகத் தொட்டாலே அழுந்தும். பழைய கன்ட்ரோலரின் சிறிய ஸ்டிக் ஒன்று. இரண்டையும் ப்ரோ மைக்ரோ என்ற சின்ன போர்டில் சேர்த்தார். கம்ப்யூட்டர் அதைக் கன்ட்ரோலராக எடுத்துக்கொள்கிறது. வாங்குகிறவர்கள் இதைப் போன்ற இன்னொரு போர்டான ஆர்டுயினோ ஊனோ R3 வாங்கிவிடாதீர்கள், அது நேரடியாக அப்படி வேலை செய்யாது. ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் ஆக்சிலரேட்டர், பின்னால் இழுத்தால் பிரேக், பக்கவாட்டில் ஸ்டீயரிங். கியர், ஹேண்ட்பிரேக் எல்லாம் சுவிட்சில். 1,500 ரூபாய்க்குள் முடிந்தது, கூலியும் சேர்த்து.

அப்புறம் அவர் இன்னொன்றும் காட்டினார், எனக்கு அது அன்றுவரை தெரியாது. மருமகன் ஆடும் ஃபோர்சா ஹொரைசன் 5-ல் செட்டிங்ஸுக்குள்ளேயே பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் உதவி இருக்கிறது. தனியாக ஆடும்போது கேமின் வேகத்தையே குறைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற, கேம் வாங்கி ஆடும் மென்பொருளை வைத்திருப்பவர்கள் எந்தப் பட்டனின் வேலையையும் எந்தப் பட்டனுக்கும் மாற்றலாம். இதற்கெல்லாம் தனியாகக் காசு வேண்டாம். யாரிடமும் பணம் கொடுக்கும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து இவற்றை ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

போன வாரம் அவன் ஆள்காட்டி விரல் களைக்கிறது என்றான். தம்பி வந்து சுவிட்சை நடுவிரலுக்கு மாற்றி வைத்துவிட்டுப் போனார், பத்து நிமிட வேலை. எட்டு மணிக்கு ஹெட்செட் மறுபடி அவன் தலையில் இருக்கிறது. பிளைவுட் பெட்டியை அக்கா அடுப்பில் வைக்கப் போனாள், நான்தான் வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த விசாரணைக்கு நாகர்கோவில் போகும்போது அதையும் எடுத்துப் போகவேண்டும்.