முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு கல்லுளிமங்கன்

"சாமான் நல்லா இருக்கும், ஆனா கடைக்காரர் உணர்ச்சியே இல்லாத ஆளுப்பா" என்று சொல்லித்தான் நண்பன் அனுப்பினான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கும் பழைய சாமான் கடைகளில் ஒன்று. பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். இரண்டு தடவை போய் வந்தாயிற்று. சாமானுக்கு ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம். நண்பன் சொன்ன வார்த்தைக்குத்தான் மார்க் கிடையாது.

உள்ளே நடக்க இடமில்லை. இடித்த வீடுகளின் கதவு நிலை, பர்மாத் தேக்குத் தூண், பித்தளை அண்டா, மரவை என்கிற மரப் பாத்திரம், ரசம் போன கண்ணாடி, தலைக்கு மேலே கயிற்றில் மங்குச் சாமான். வெளியூர்க்காரர்களுக்காக: மங்கு என்றால் எனாமல் பூசிய இரும்பு. பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன நாட்டுக்கோட்டை நகரத்தார் வீடுகளுக்கு ஸ்வீடன், ஜப்பான் சரக்கெல்லாம் வந்து சேர்ந்து, கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகப் பரப்பி வைக்கப்பட்டு, பிறகு பெட்டக அறையிலேயே தலைமுறைக் கணக்கில் தூங்கி, வீடு பங்கு பிரியும்போது இந்தத் தெருவுக்கு வருகிறது. பித்தளைப் பாத்திரங்களில் அந்தந்த வீட்டு விலாச எழுத்து, அதாவது குடும்பப் பெயர்களின் முதலெழுத்து, வெட்டினபடியே இருக்கும். அதை மட்டும் யாரும் அழிப்பதில்லை.

நான் எடுத்தது நீல விளிம்பு வைத்த வெள்ளைத் தூக்கு, அடியில் 'மேட் இன் ஸ்வீடன்'. விலைச்சீட்டு எதிலும் இல்லை, கேட்டால்தான் சொல்வார்.

"எவ்வளவுண்ணே?"

"ரெண்டாயிரம்."

"ஆயிரத்து எரநூறு போட்டுக்குங்க."

பதில் இல்லை. சிரிப்பு, எரிச்சல், 'கட்டாது தம்பி' என்று ஒரு தலையாட்டல், எதுவும் இல்லை. ஃபேன் சத்தம் மட்டும் கேட்கிறது. நானே 1,500 என்றேன். கொஞ்ச நேரம் கழித்து நானே 1,800 என்றேன். என் பொருளை நானே ஏலம் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. "சரி, குடுங்க" என்றார்.

ஆனால் கட்டிக் கொடுப்பதற்கு முன் தோள் துண்டை எடுத்து மூடியைத் துடைத்தார், பிடியைத் துடைத்தார், உள்ளே கையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார், மறுபடியும் மூடியைத் துடைத்தார். முகம் அப்படியேதான் இருந்தது. கைக்குத்தான் தூக்கை விட மனசு வரவில்லை.

இவரைப் போய் உணர்ச்சி இல்லாதவர் என்றால் எப்படி? ஜடம் என்றால் உயிரற்ற பொருள், அது பையனைத் திட்ட ஆகும், இவருக்கு ஆகாது. மரத்துப்போன மனுஷர் என்றும் சொல்ல முடியாது, மரத்துப்போவது என்றால் முன்பு உணர்ந்துகொண்டிருந்த இடம் இப்போது உணரவில்லை என்று அர்த்தம், ரொம்ப நேரம் மடக்கி வைத்த கால் மாதிரி. சுரணை கெட்டவர் என்று சொன்னால் அடி விழும், சுரணை மானத்தோடு சேர்ந்த சமாச்சாரம். விட்டேத்தி என்ற சொல்லை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். எது எப்படிப் போனால் எனக்கென்ன என்று ஒட்டாமல் இருப்பவன் விட்டேத்தி. அவன் ஒரு மூடியை இரண்டு தடவை துடைக்க மாட்டான். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று 8 மெய்ப்பாடு சொல்கிறது. மெய்யில் படுவதுதான் மெய்ப்பாடு. மெய்யில் படாததெல்லாம் உள்ளே இல்லை என்று அது எங்கேயும் சொல்லவில்லையே.

அப்பத்தாவுக்கு இவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு, அந்தக் கல்லுளிமங்கன்கிட்டயா வாங்குனே?" என்றது. அதேதான்! உள்ளே எல்லாம் இருக்கும், வெளியே ஒரு பொட்டு விடமாட்டான். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள் முகத்தை எப்படி வைத்திருப்பார்கள் என்று பார்த்திருந்தால் தெரியும், அது தொழில்.

இப்போது குறை. அன்றைக்கே தண்ணீர் ஊற்றினேன், அடியில் சொட்டுகிறது. எனாமல் பெயர்ந்த இடத்தில் துரு தின்று ஊசிமுனை அளவு ஓட்டை. உள்ளே கையை விட்டுத் துடைத்த மனுஷனுக்கு இது தெரியாதா? நீங்கள் போனால் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு ஊற்றிப் பார்த்து வாங்குங்கள், பில்லும் கேளுங்கள், எனக்குத் தரவில்லை.

மறுநாள் சண்டைக்கு வேண்டிய வசனமெல்லாம் தயார் செய்துகொண்டுதான் போனேன். ஒன்றுக்கும் வேலை இல்லை. தூக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கயிற்றிலிருந்து இன்னொன்றை இறக்கினார், அதைவிடப் பெரியது. துண்டால் துடைத்து நீட்டினார். மன்னிப்பும் இல்லை, சமாதானமும் இல்லை.

"இதுக்கு மேல ஏதும் குடுக்கணுமாண்ணே?"

பார்த்தார். அதே முகம், அதே ஃபேன் சத்தம். இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் நானே ஒரு தொகை சொல்லிவிடுவேன் என்று பயந்து, தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.