பாதி விலைக்கு வந்த நாதஸ்வரம்

நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த அந்த சாம்பிள் லைப்ரரி, அதாவது நிஜ வாத்தியத்தைச் சுரம் சுரமாகப் பதிவுசெய்து, கம்ப்யூட்டரில் கீபோர்டை வைத்து வாசிக்கத் தருகிற மென்பொருள், இப்போது பாதி விலையாம். "அண்ணே, நீங்கதான் ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே, வாங்கவா?" என்று மேலூர்த் தம்பி மெசேஜ் போட்டிருந்தான். ஒற்றை வரியில் பதில் சொல்ல வரவில்லை. கம்பெனி பேரைச் சொல்லப்போவதில்லை. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு எது என்று தெரியும். எஸ்எஸ்டி இல்லாத மெஷினில் போடாதீர்கள், மற்றபடி 8 ஜிபி ரேமிலேயே ஓடிவிடுகிறது.

தவிலைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபமே வராது. தவிலின் வலது பக்கமான வலந்தலையில் விரல்கூடு படுகிற அந்த வெட்டு, இடது பக்கமான தொப்பியில் கம்பு விழுந்ததும் உள்ளே உருளும் கார்வை, இரண்டும் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு அடிக்கும் பல பதிவுகளை வைத்து மாற்றி மாற்றி எடுக்கிறது. அதனால் ஒரே தவில் சொல்லைத் திரும்பத் திரும்ப வேகமாக அடித்தாலும் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி கேட்பதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு முளைப்பாரிப் பாட்டுக்கு இதைத்தான் போட்டேன். மைக் செட்காரர் கூம்புக் குழாயில் போட்டார். கூம்பில் பேஸ் கிடையாது, நடு அலைவரிசைதான் பிய்த்துக்கொண்டு வரும். அதிலும் தவில் நின்றது. பெரிய மண்டபத்தில் வாசிக்கிற மாதிரி நான் ஆசை ஆசையாகப் போட்ட எதிரொலிதான், ஹால் ரிவர்ப் என்பார்கள், அதுதான் சொதசொதவென்று ஆகிவிட்டது. ஊர்த் திருவிழாவுக்குப் போகிற மிக்ஸில் ரிவர்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடுங்கள். நாதஸ்வரத்துக்கு 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மூன்று டெசிபல் இறக்குங்கள், காது பிழைக்கும். இதற்கெல்லாம் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம், நான் பாட்டுப் பதிவுக்கு வைத்திருக்கும் ரீப்பர் மென்பொருளோடு வரும் ஈக்யூவே, அதாவது அலைவரிசையைக் கூட்டிக் குறைக்கும் கருவியே போதும்.

இனி நாதஸ்வரம். இரண்டரைக் கட்டையில் ஷட்ஜத்தை நீளமாகப் பிடித்தால் சொக்கிப்போவீர்கள். வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கரகரப்புகூட இருக்கிறது. கம்பீரநாட்டை ராகத்தில் சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி மாதிரி, சுரங்கள் நேராக நிற்கிற இடமென்றால் சமாளித்துவிடும்.

தோடி ராகத்துக்கு வந்ததும் மானம் போகிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். வாசிப்பவர் அதை மூச்சிலும் உதட்டு அழுத்தத்திலும், துளையைப் பாதி மூடித் திறப்பதிலும் கொண்டுவந்துவிடுவார். நம் கையில் இருப்பது கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம். கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் அதற்கு 16,384 படி உண்டு, நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் பதிவான ஒரு சுரத்தை இழுத்து மேலே ஏற்றினால் சுருதி மட்டும் ஏறுவதில்லை, வாத்தியத்தின் உடம்பும் சேர்ந்து சுருங்குகிறது. நிஜத்தில் உலவு என்கிற குழலும் அணசு என்கிற கீழ்வாயும் அதே அளவில்தானே இருக்கும்? இதிலோ சக்கரத்தை ஆட்ட ஆட்ட நாதஸ்வரம் குட்டியாகிறது, பெரிதாகிறது, மறுபடி குட்டியாகிறது. நாதஸ்வர வித்வான்கள் சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பைக் கேட்ட மதுரைக்காரர்களிடம் இதைப் போட்டுக்காட்ட முடியுமா?

லெகாட்டோ என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டுப்போட்டுத் தாவும், ஆனால் தாவி முடிக்க நேரம் எடுக்கும். ஒலியைத் தேக்கி அனுப்பும் பஃபரை 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் வைத்தால் அதனால் வரும் தாமதம் மூன்று மில்லிசெகண்டுகூட வராது, ஆகவே ஆடியோ கார்டைக் குறை சொல்ல வழியில்லை. லைப்ரரியே தாமதிக்கிறது. பிருகா என்கிற வேகமான சுரக்கோர்வை போனால் நாதஸ்வரம் தவிலுக்குப் பின்னால் ஓடிவருகிறது. ஒவ்வொரு நோட்டையும் திரையில் தெரியும் தாளக் கட்டத்துக்கு முன்னால் இழுத்து இழுத்து வைக்க வேண்டும். இரண்டு நிமிஷப் பாட்டுக்கு ராத்திரி முழுக்க இந்த வேலைதான்.

ஜோடி நாதஸ்வரம் வேண்டுமென்று டிராக்கை நகலெடுத்தால் சத்தம்தான் கூடும், ஆள் கூடாது. நகலின் சுருதியை எட்டு சென்ட் (ஒரு அரைச்சுரத்தில் நூறு சென்ட்) இறக்கி, பதினைந்து மில்லிசெகண்ட் தள்ளிவையுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மூச்சு வாங்கும் இடத்தையும் நாம்தான் வெட்டிவிட வேண்டும். ஒருமுறை ஜன்னல் திறந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டுவிட்டு, "யாருப்பா ஊதுறது? மூச்சே வாங்கலையே, ஆளு இருக்கானா?" என்றார். அவருக்கு எழுபது வயசுக்கு மேல், காது மட்டும் படுசுத்தம்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால், சிம்மக்கல் சந்தில் சுவரும் சுவரும் ஒட்டிய வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு யாரைக் கூப்பிட்டு நாதஸ்வரம் ஊதச் சொல்வது? சின்ன ரூமில் அந்தச் சத்தத்துக்கு மைக் தாங்காமல் பதிவு கிழிந்துபோகும், சண்டைக்கு ஆள் வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதில் வேலை பார்க்கலாம், பாட்டு காலையில் போய்ச் சேர்ந்துவிடும். அவசரத்துக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

இருந்தாலும் தம்பி, வாங்காதே. இன்றைக்கும் ஒரு காந்தாரத்தோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆடியிலோ மார்கழியிலோ, முகூர்த்தம் இல்லாத நேரமாகப் பார்த்து, அந்தக் காசில் ஒரு நாதஸ்வரக்காரரைக் கூட்டிப் போய் உங்கள் ஊர்ப்பக்கம் ஏதாவது தோப்பில் மைக் வைத்துப் பதிவுசெய். என் லேப்டாப்பிலிருந்து நான் அழிக்கப்போவதில்லை, அது வேறு விஷயம். தவிலை மட்டும் தனியாக விற்றால் சொல்லு, முழு விலைக்கே வாங்கச் சொல்வேன்.