நான்கு மழைக்காலம் கண்ட பஞ்சச்சூலிப் படம்: ஓர் அனுபவப் பகிர்வு

பனிமலைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாட்ட எந்தத் தாள் நல்லது என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். டேராடூனில் என் வீட்டுக் கூடத்தில் நான்கு ஆண்டுகளாகத் தொங்கிய, பஞ்சச்சூலி என்ற இமயமலைச் சிகரங்களின் படத்தை, கண்ணாடி விரிசல் விட்டதால், ஃபிரேம் கடைக்கு எடுத்துச் சென்றதும் அதே வாரத்தில்தான். ஆகவே சற்றுக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

உத்தராகண்டின் மலையூரான முன்ஸியாரியில் ஒரு நவம்பர் மாலையில் எடுத்த படம் அது. பாண்டவர்கள் கடைசியாகச் சமைத்த ஐந்து அடுப்புகள் என்று அங்குள்ளோர் சொல்லும் ஐந்து சிகரங்களில், 6,904 மீட்டர் உயரமுள்ள இரண்டாம் சிகரத்தின் தலையில் மட்டும் இளஞ்சிவப்பு வெயில் எஞ்சியிருக்க, கீழ்ச் சரிவுகளின் பனி வான்வெளிச்சத்தை வாங்கி நீலம் பாரித்திருந்தது. படம் முழுக்கப் பனியே நிறைந்திருந்ததால் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அதைச் சாம்பல் நிறமாக்கவே பார்த்தது. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது இருமடங்கு ஒளி விழும்படி வைத்து எடுத்தேன்.

அதைச் சதுர மீட்டருக்கு 308 கிராம் எடையுள்ள பருத்தித் தாளில், 36×24 அங்குலத்தில் அச்சிட்டேன். அந்தத் தாளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சிகரத்துக்குக் கீழே காற்று அரித்த பனியில் விரல் ரேகை போன்ற வரிகள் ஓடுகின்றன. ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு வரியின் நிழலும் தனித்தனியே தெரிகிறது. இதே படத்தை லேசான பளபளப்புள்ள லஸ்டர் தாளிலும் அச்சிட்டுப் பார்த்தேன். தாளின் பளபளப்பில் அந்த வரிகள் பாதி காணாமல் போயின. மேலும், லஸ்டர் தாளில் கலந்திருக்கும் வெண்மையூட்டி, புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தந்தால்தான் வேலை செய்யும். சன்னலோரம் பளிச்சென்று இருந்த பனி, இரவில் எல்இடி விளக்கின் கீழ் மங்கிப் பழுப்பேறித் தெரிந்ததற்கு அதுவே காரணம்.

என் எரிச்சல் முழுவதும் மவுன்ட் போர்டின் மேல்தான், அதாவது ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டையின் மேல்தான். அச்சுப் படத்தில் வெள்ளை மை என்று ஒன்று கிடையாது. கணினிக் கோப்பில் 255, அதாவது முழு வெள்ளை, என்று இருக்கும் இடத்தில் ஒரு துளி மையும் விழாமல் தாள் வெறுமையாக நிற்கும். பனியின் வரிகள் அச்சில் விழ வேண்டும் என்பதற்காக நான் மிக வெளிச்சமான இடங்களையும் 245-க்குள் அடக்கியிருந்தேன். ஆக, படத்தில் உள்ள எந்தப் பனியும் தாளின் இயல்பான வெண்மையைத் தாண்ட முடியாது. என்னுடைய பருத்தித் தாளோ லேசான பாலாடை நிறம் கொண்டது. அதைச் சுற்றி மூன்று அங்குல அகலத்துக்குப் பளீர் வெள்ளை அட்டையை வைத்தால், பஞ்சச்சூலியின் பனி துவைக்காத வேட்டி போல ஆகிவிடுகிறது. அட்டையே வேண்டாம் என்று விடவும் வழியில்லை. இவ்வூர் மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பருத்தித் தாள் அலையலையாக நெளிகிறது. இடையில் அட்டை இல்லாவிட்டால் அது கண்ணாடியைத் தொட்டு ஒட்டிக்கொள்ளும்.

வெளிர்சாம்பல் அட்டை வேண்டும் என்று இரண்டு முறை தெளிவாகச் சொல்லியும், இரண்டு முறையும் கடையில் பளீர் வெள்ளையையே வெட்டி வைத்திருந்தார்கள். வெள்ளைதான் எடுப்பாக இருக்கும் என்று பதில் வந்தது. அவர்களுடைய மூலை வெட்டு, ஃபிரேம் வேலைப்பாடு இரண்டும் மயிரிழை பிசகாதவை என்பதை நான் மறுக்கவில்லை.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: பருத்தித் தாளுக்கு ஈடில்லை, ஆனாலும் நீங்கள் லஸ்டரிலேயே 18×12 அங்குலத்தில் அச்சிட்டு, சன்னல் வெளிச்சம் படும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். என் படம் மூன்றாம் முறையாகக் கடையில் இருக்கிறது. இம்முறை சாம்பல் அட்டையை நானே வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.