“ஒரே கார்தான் அக்கா”: மழைக்காலக் கால்மிதியில் 28,500 ரூபாய் போன கதை

28,500 ரூபாய். தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிற எனக்கு அது எட்டுப் பிள்ளைகளின் ஒரு மாதக் கட்டணம். அந்தக் காசுக்கு நான் டயர் வாங்கவில்லை, பற்றரி வாங்கவில்லை. காலுக்கடியில் போடுகிற மெட் வாங்கினேன். அந்த மெட் முந்தாநாள் என்னையும் அம்மாவையும் கொழும்பின் காலி வீதியில் கொல்லப் பார்த்தது.

என்னுடையது 2013 ஆம் ஆண்டு டொயோட்டா அக்வா. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஏறக்குறைய ஐந்து வருடம் இந்த நாட்டில் எல்லோரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். இருக்கிற காரைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டேன். 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்தார்கள். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் துடைக்கத் தொடங்கினேன். காரோடு வந்த துணி மெட்டுகள் ஒக்டோபர் மழையில் ஊறிவிட்டன. பிள்ளைகளின் குடை, அம்மாவின் ஈரச் செருப்பு, கடற்கரைக்குப் போன நாளின் மணல், எல்லாம் சேர்ந்து கதவைத் திறந்தால் ஊறுகாய்ச் சாடியைத் திறந்த மாதிரி ஒரு வாடை. தண்ணீர் தேங்கினாலும் கழற்றிக் கொட்டிவிடக்கூடிய, விளிம்பு உயர்ந்த மெட் வேண்டும் என்று தேட ஆரம்பித்தேன்.

பழைய சாமான், புதுச் சாமான் எல்லாம் விளம்பரப்படுத்துகிற ஒரு இணையத்தளத்தில்தான் அந்தக் கடையைப் பார்த்தேன். தளத்தின் பெயரும் கடையின் பெயரும் வேண்டாம். வழக்கு, வக்கீல் என்று இன்னொரு 28,500 செலவழிக்க என்னிடம் இல்லை. கார் அலங்காரச் சாமான் விற்கிற கடை, கொழும்புக்குள்தான் இருக்கிறது என்பது போதும்.

வட்ஸ்அப்பில் சிங்களத்தில் கேட்டேன். பதில் தமிழில் வந்தது. “அக்கா, தமிழிலேயே எழுதுங்கள், பிரச்சினையில்லை.” அந்த ஒரு வரியில்தான் நான் விழுந்தேன். கொழும்பில் பிறந்து வளர்ந்து, வங்கியில், பொலிஸில், சந்தையில் எல்லாம் வேறு மொழியில் வாயைத் திருப்பித் திருப்பிக் கதைத்துப் பழகியவர்களுக்கு இது விளங்கும். ஒரு கடைக்காரர் தமிழில் “அக்கா” என்றால் பாதிச் சந்தேகம் தானாகவே கரைந்துவிடுகிறது.

மீதிப் பாதியை அவருடைய அறிவு கரைத்தது. செசி இலக்கம் கேட்டார். காரின் தரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். சாரதிப் பக்கத்தில் மெட்டைப் பிடித்து வைக்கிற கொக்கி ஒன்றா இரண்டா என்று கேட்டார். நான் அதுவரை அப்படி ஒரு கொக்கி இருப்பதையே பார்த்ததில்லை, குனிந்து பார்த்துச் சொன்னேன். தோல் மாதிரித் தைத்து வருகிற ‘செவன் டி’ மெட் வாங்காதீர்கள், தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி அடியில் உள்ள ஸ்பொஞ்ச் பூசணம் பிடிக்கும் என்றார். மலிவான பிவிசி வெயிலில் நாறும், நாளாக ஆக விறைத்து வெடிக்கும் என்றார். ரப்பர் நல்லது, ஆனால் பாரம், ஆரம்பத்தில் மணம் வரும் என்றார். டிபிஇ என்கிற, ரப்பர் மாதிரி வளைகிற பிளாஸ்டிக்தான் சரி, பாரமும் இல்லை, மணமும் இல்லை, அச்சில் வார்த்து வருவதால் உங்கள் காரின் தரைக்கு அப்படியே உட்காரும் என்றார். பிறகு ஒரு வீடியோ. மெட்டின் மீது ஒரு கோப்பைத் தேநீரைக் கவிழ்த்து, அதைத் தூக்கி வாளிக்குள் ஊற்றுகிறார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

இவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பிறகு பலரிடம் கேட்டுவிட்டேன், எல்லாம் உண்மைதான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

விலை 31,000. இன்றே முழுப் பணமும் போட்டால் 28,500, உங்கள் காருக்கென்று எடுப்பிப்பதால் பொதி வந்த பிறகு காசு கொடுக்கிற முறை இல்லை என்றார். கணவர் பக்கத்தில் நின்று, “கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கலாமே” என்றார். மழையில் யார் போவது என்றேன். அன்றிரவே 28,500 ரூபாயைத் தனியார் பெயரில் இருந்த ஒரு கணக்குக்கு அனுப்பினேன். கடையின் கணக்கு ஏன் இல்லை என்று கேட்க வாய் வந்தது. தமிழ்த் தம்பி அல்லவா, கேட்கவில்லை.

நான்காம் நாள் கூரியரில் பொதி வந்தது. திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன் என்றேன். கொண்டுவந்த பையன் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டான், மழையில் நனைந்துகொண்டு நின்றவனோடு என்ன சண்டை. உள்ளே ஐந்து துண்டுகள். பின் ஆசனத் துண்டுகள் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி உட்கார்ந்தன. டிக்கியில் போடுகிறதும் அச்சாக இருந்தது. முன்பக்கத்தில்தான் கோணல். சாரதிப் பக்கத் துண்டில் கொக்கி மாட்டத் துளையே இல்லை. இடது காலை வைக்கிற மேடைக்கு இடம் விடாமல் அதன் மேல் ஏறி வீங்கி நின்றது. முன்விளிம்போ பிரேக் மிதிக்கும் பின்னால் போய் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கொக்கித் துளை இரண்டும் பக்கத்து ஆசனத் துண்டில் இருந்தன! அங்கே கொக்கியே கிடையாது.

படம் எடுத்து அனுப்பினேன். இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதுவரை ‘அவர்’ என்று எழுதிவிட்டேன், இனி அந்த மரியாதை கிடையாது.

முதல் பதில்: “பொதியில் மடிந்து வந்தது அக்கா, ஒரு நாள் வெயிலில் போடுங்கள், படிந்துவிடும்.” மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவேன்? இரண்டு நாள் பல்கனியில் விரித்தேன். மடிப்பு போயிற்று, துளை வரவில்லை. இரண்டாவது: “அக்வாவும் பிரியஸ் சியும் ஒரே கார்தான் அக்கா, பெயர் மட்டும் வேறு. இது பிரியஸ் சி மெட்.” மூன்றாவதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்: “முன்பக்கம் நான்கு அங்குலம் வெட்டிவிடுங்கள் அக்கா. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.”

செய்தேன். கராஜ் பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவருக்கு மனமில்லை, “மிஸ், கொக்கி இல்லாமல் இது நகரும்” என்றார். கடைக்காரரே சொல்லிவிட்டார், வெட்டுங்கள் என்றேன். படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும்.

முந்தாநாள் மாலை, மழை. அம்மா பின்னால் இருந்தார். வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டும்போது முன்னால் போன முச்சக்கர வண்டி வேகம் குறைத்தது. நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மிதி மேலே வரவில்லை. கார் இழுத்துக்கொண்டே போனது. வெட்டிய விளிம்பு முன்னால் நழுவி மிதியின் மீது ஏறி அமுக்கிக்கொண்டிருந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் தெரிந்தது முச்சக்கர வண்டியின் பின்னால் ஒட்டியிருந்த புத்தர் படம் பெரிதாகிக்கொண்டே வந்தது மட்டும்தான். பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன். நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும் என்று கை எப்படி நினைத்ததோ, தள்ளிவிட்டது. ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அம்மா, “என்ன பிள்ளை, பள்ளமா?” என்றார். ஆம் அம்மா, பள்ளம்தான் என்றேன்.

வீட்டுக்கு வந்து கை நடுக்கம் நின்ற பிறகு, திருப்பி எடுத்துக்கொண்டு 28,500 ரூபாயைத் தாருங்கள் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. இந்த முறை அக்கா இல்லை, மேடம். “மேடம், வெட்டிய சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்.”

வெட்டச் சொன்னவனும் அவன், வெட்டியதால் எடுக்க மாட்டேன் என்பவனும் அவன்! அவன் எழுதிய செய்தியையே படம் பிடித்து அனுப்பினேன். “நான் ஐடியாதான் தந்தேன்” என்றான். தொலைபேசியில் அழைத்தேன், ஒரு பெண் சிங்களத்தில், முதலாளி வெளிநாட்டில் என்றாள். அடுத்த நாள் இன்னொரு இலக்கத்திலிருந்து அழைத்தேன். அவனே எடுத்தான், என் குரலைக் கேட்டதும் இணைப்பு ‘சரியில்லை’. இப்போது வட்ஸ்அப்பில் அவனுடைய முகப்புப் படமும் எனக்குத் தெரிவதில்லை. விளம்பரம் போட்ட இணையத்தளமோ, நாங்கள் இடம் தருகிறவர்கள் மட்டுமே, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்று அச்சடித்த மாதிரி ஒரு பதில் அனுப்பியது. வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம் மிஸ் என்றார்கள். விரும்பித்தான் அனுப்பினேன், மறுக்கவில்லை.

நேற்றுக் காலை மெட்டைத் தூக்கிக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். உதிரிப்பாகக் கடைகளில் ஒன்றில் வயதான ஒருவர் அதை ஒரு முறை புரட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். “அம்மா, இது இடப்பக்க ஸ்டியரிங்குக்கு அடித்தது. நீங்கள் காலை வைக்கிற பக்கத்தில் பக்கத்து ஆசனத்து மெட்டைப் போட்டிருக்கிறீர்கள்.” மிதி இல்லாத பக்கத்துக்கு வார்த்தது என்பதால் முன்னால் நீளமாக விட்டிருக்கிறார்கள், ஆட்கள் கால் நீட்டுவதற்கு. அந்த நாக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

ஒரே கார்தான் என்று அவன் சொன்னது பாதி உண்மை. ஜப்பானில் 2011 டிசம்பரில் அக்வா என்று வந்த அதே கார்தான் அமெரிக்காவில் 2012 முதல் பிரியஸ் சி என்று விற்றது. ஆனால் அங்கே போனதற்கு ஸ்டியரிங் இடப்பக்கம். பின்பக்கம் ஒன்றுதான், அதனால் பின்துண்டுகள் பொருந்தின. முன்பக்கம் கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறி நிற்கிறது. செசி இலக்கம் வாங்கி, கொக்கி எத்தனை என்று கேட்டவனுக்கு இது தெரியாதாம், நான் நம்ப வேண்டுமாம்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற அக்காவின் மகனிடம் இதைச் சொல்லி அழுதேன். அங்கே இந்த வகை மெட் இல்லாமல் பனிக்காலத்தில் யாரும் ஓட்டுவதில்லையாம். சப்பாத்தில் வருகிற பனி உருகி, வீதியில் கொட்டுகிற உப்பும் சேர்ந்து தரையை அரித்துவிடும். அவன்தான் 2009 ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னான். அந்த ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஒரு லெக்சஸ் ஈஎஸ் 350 நிற்காமல் ஓடி நான்கு பேர் இறந்தார்கள். விற்பனை நிலையம் இரவலாகக் கொடுத்த கார் அது. அதில் கிடந்தது வேறொரு மாதிரி லெக்சஸுக்கான ரப்பர் மெட். ஆக்சிலேட்டர் அதில் சிக்கியிருக்கிறது. அதற்கு அடுத்த மாதம் டொயோட்டா அமெரிக்காவில் ஏறத்தாழ 38 இலட்சம் வாகனங்களுக்கு மெட் பற்றிய எச்சரிக்கையை விடுத்து, சாரதிப் பக்க மெட்டைக் கழற்றிவிடும்படி உரிமையாளர்களுக்குச் சொன்னது. கேட்டதும் வயிற்றைப் புரட்டியது. நான் 28,500 ரூபாய்க்குப் புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் புலம்புவேன். 28,500 ரூபாய்!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு மணிப் பிள்ளைகள் கீழே வந்து மணி அடிக்கிறார்கள், ஆகவே சுருக்கமாக. காரைக் கடைக்குக் கொண்டுபோய், போட்டுப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். சாரதித் துண்டில் கொக்கித் துளை உங்கள் காரின் கொக்கிக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். போட்ட பிறகு ஆக்சிலேட்டரைக் கையால் அடிவரை அமுக்கி விட்டுப் பாருங்கள், எங்கும் முட்டாமல் தானாக மேலே வர வேண்டும். பழைய மெட்டின் மேல் புது மெட்டைப் போடாதீர்கள். யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தருவது வியாபாரியின் கடமை. நான் கேட்கவில்லை, என்னிடம் இருப்பது வங்கிச் சீட்டும் வட்ஸ்அப் படங்களும்தான்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்தேன். முறைப்பாட்டை எழுத்தில் தர வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். காசு வருமா என்று கணவர் கேட்கிறார். “கடைக்குப் போய்ப் பார்த்து வாங்கலாமே என்று சொன்னேன்” என்பதை அவர் இன்னும் சொல்லவில்லை, முகத்தில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

வெட்டிய துண்டு முறைப்பாட்டுக்கு வேண்டும் என்பதால் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். காரின் பின்பக்கத்தில் மட்டும் அந்தச் சனியன் கிடக்கிறது. நன்றாகப் பொருந்துகிறதே, எப்படி எடுத்து எறிவது? என் காலடியில் வெறும் தரைதான்.