திறந்து கிடக்கும் டிரான்சாக்‌ஷனும் டிராப் டேபிளும்: பல வருட அனுபவம்

எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற மூன்று டேட்டாபேஸ்களையும் பல வருடங்களாக மாறி மாறிப் பயன்படுத்துகிறேன். மூன்றுமே எனக்குப் பிடித்தவை. ஆனால் எங்கோ ஒரு டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகச் சேர்த்து முடிக்க வேண்டிய வேலைத் தொகுதி) முடியாமல் கிடக்கும்போது டேபிளை டிராப் செய்யப் போனால், அதாவது முழுவதுமாக அழிக்கப் போனால், யார் தடுக்கிறார்கள் என்பதை மட்டும் மூன்றுமே பிழைச் செய்தியில் சொல்வதில்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தது எஸ்கியூலைட். டெஸ்ட் முடிந்ததும் ஒரு டேபிளை அழிக்கும் வரியில் "டேட்டாபேஸ் டேபிள் இஸ் லாக்டு" என்று நின்றது. அந்த ஃபைலை வேறு யாரும் திறந்திருக்கவில்லை. லாக் விடுபடும்வரை காத்திருக்கும் நேரமான பிஸி டைம்அவுட்டை ஏற்றினேன். கொஞ்சமும் காத்திருக்காமல் அதே பிழை. அப்புறம்தான் செய்தியில் இருந்த ஒற்றைச் சொல் கண்ணில் பட்டது. "டேட்டாபேஸ் இஸ் லாக்டு" என்றால் பிழை எண் 5, வேறொரு கனெக்‌ஷன் பிடித்து வைத்திருக்கிறது. நடுவில் "டேபிள்" வந்தால் எண் 6, பெரும்பாலும் நம் கனெக்‌ஷனே பிடித்து வைத்திருக்கிறது. என் கோடில் ஒரு செலக்ட் முதல் வரிசையை மட்டும் படித்துவிட்டு லூப்பிலிருந்து வெளியேறியிருந்தது. அதுவும் வேறொரு டேபிளைப் படித்த செலக்ட்! படித்து முடிக்காத செலக்ட் ஒன்று இருந்தாலே போதும், அந்த கனெக்‌ஷனில் எந்த டேபிளையும் டிராப் செய்ய விடாது. அதை ரீசெட் செய்ததும் வேலை முடிந்தது.

போஸ்ட்கிரெஸ் பிழையே தராது, சும்மா காத்திருக்கும். ஒரு செலக்ட் ஓட்டிவிட்டு கமிட் செய்யாமல் (முடித்து உறுதிசெய்யாமல்) விட்ட செஷன் ஒன்றே டிராப்பை நிறுத்திவிடும். ஆபத்து அதற்குப் பின்னால் இருக்கிறது: அந்த டேபிளைத் தேடி அடுத்து வரும் சாதாரண செலக்ட்களும் டிராப்பின் பின்னால் வரிசையில் நின்றுவிடும். அதனால் டிராப்புக்கு முன் லாக் டைம்அவுட்டை 3 விநாடி என்று வைத்துவிடுகிறேன். தடுப்பது யார் என்று பார்க்க 9.6 பதிப்பிலிருந்து பிஜி பிளாக்கிங் பிஐடிஸ் (pg_blocking_pids) என்ற ஃபங்ஷன் இருக்கிறது. டிராப் செய்ததையே ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம் என்பதற்காகவே எனக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

மைஎஸ்கியூஎல்லில் அது முடியாது. டிராப் என்று எழுதியதுமே அதற்கு முன் செய்த இன்சர்ட்கள் தாமாகவே கமிட் ஆகிவிடும். டிராப் தோற்றாலும் அவற்றை ரோல்பேக் செய்ய முடியாது. தோற்கும்போது வரும் 1205 பிழை "டிரான்சாக்‌ஷனை மறுபடி தொடங்கிப் பார்" என்கிறது. டேபிளின் ஒரு வரிசையை (ரோ) மட்டும் பிடிக்கும் லாக்குக்கும் இதே எண்தான் என்பதால், 50 விநாடி என்றிருக்கும் இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் ஸ்டோரேஜ் எஞ்சின்) டைம்அவுட்டை மாற்றி மாற்றி நேரத்தை வீணாக்கினேன். டிராப் காத்திருப்பது மெட்டாடேட்டா லாக்குக்கு, அதாவது டேபிளின் அமைப்பைக் காக்கும் லாக்குக்கு. அதன் டைம்அவுட் தனி, இயல்பு அளவு 31536000 விநாடி, அதாவது ஒரு வருடம்! இப்போதெல்லாம் டிராப் நின்றால் முதலில், மைஎஸ்கியூஎல் உள்ளே நடப்பதைக் காட்டும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவில் மெட்டாடேட்டா லாக்ஸ் டேபிளைத் திறக்கிறேன். 8.0-இல் அது இயல்பாகவே இயங்கும், 5.7-இல் நாம்தான் இயக்கி வைக்க வேண்டும்.