கடலூர் யூனிட், புதுவை யூனிட், நடுவில் ஒரு ஷீட்: பணியிடக் கொள்கைகளை அப்டேட்டாக வைத்திருக்கும் பதிவேடு – பயன்பாட்டு அனுபவம்

கடலூர் சிப்காட்டில் ஒரு யூனிட், புதுச்சேரி சேதராப்பட்டில் இன்னொன்று என்று இரண்டு பக்கமும் ஆள் வைத்திருக்கும் நடுத்தர நிறுவனத்துக்கு கூகுள் ஷீட்டில் ஒழுங்காகப் போட்ட ஒரு சட்ட மாற்றப் பதிவேடே போதும். சந்தா கட்டி வாங்கும் கம்ப்ளையன்ஸ் சேவைகள் சட்டம் மாறியதை மெயிலில் சொல்லிவிடும். ஆனால் நம் கையேட்டில் எந்தப் பத்தி அடிபடுகிறது என்று அவை சொல்லாது, அந்த வேலை எப்படியும் ஹெச்.ஆர். தலையில்தான் விழும்.

ஷீட்டில் தேவையான பத்திகள் (காலம்கள்) ஏழு: சட்டமும் பிரிவும், ஊர், நிலை, அமலாகும் தேதி, தொடும் கொள்கையின் எண், பொறுப்பாளர், முடித்ததற்கான ஆதாரம். இதில் ‘ஊர்’ பத்தியை அலட்சியப்படுத்துபவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் கடைகள் நிறுவனங்கள் சட்டமே வேறு. தமிழ்நாட்டுப் பக்கம் 1947-ஆம் ஆண்டுச் சட்டம், புதுவைப் பக்கம் 1964-ஆம் ஆண்டுச் சட்டம். புதுவையில் ஆகஸ்ட் 16-உம் நவம்பர் 1-உம் அரசு விடுமுறை, கடலூரில் இல்லை. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டுடையது. பல பழைய சட்டங்களை ஒன்றாக்கிய மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அதை ரத்து செய்யவில்லை. ‘எல்லாம் ஒன்றாகிவிட்டதே’ என்று அந்த வரியைக் கடலூர் கையேட்டிலிருந்து நீக்கக் கூடாது.

அடுத்து ‘நிலை’. மசோதா, சட்டம், அமல் அறிவிக்கை, விதி என்று நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடிகிற மாதிரி டிராப்டவுன் வையுங்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழக சட்டப்பேரவையில் நிறைவேறியது, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். பேப்பரில் வந்ததும் ஷிப்ட் கொள்கையை மாற்றியவர்களுக்கு இரட்டை வேலை. இதற்கு நேர் எதிர், 2019, 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய அந்த நான்கு தொகுப்புகள். அவை அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்றுதான். பழைய விதிகளும் புதிய சட்டத்துக்கு முரண்படாத வரை இடைக்காலத்தில் தொடரும் என்பதால், ‘விதி’ நிலைக்கு வராத வரிசைகளைப் பழைய விதி எண்ணோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

இந்தத் தொகுப்புகளில் அதிக வேலை வைப்பது ஊதியத்தின் வரையறை. ஒருவரின் மொத்தத் தொகை 24,000 ரூபாய், அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 9,000, வீட்டு வாடகை முதலான படிகள் 15,000 என்று வையுங்கள். ஊதியக் கணக்கிலிருந்து விலக்குப் பெறும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி 12,000, மீறிய 3,000 ஊதியத்தோடு சேரும். ஆக ஊதியம் 12,000. ஐந்து வருடப் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) 15/26 கணக்கில், அதாவது மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து வருடத்துக்கு 15 நாள் என்று போட்டால் 25,962 இருந்த இடத்தில் 34,615 வரும். சம்பளக் கொள்கையில் ‘அடிப்படை + பஞ்சப்படி’ என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு இடத்தையும் தேடிப் பிடிக்க வேண்டும். பணிக்கொடை, விடுப்புச் சம்பளம், இறுதிக் கணக்கு என்று அது சிதறிக் கிடக்கும். இறுதிக் கணக்கின் ஊதியத்தை வேலையை விட்ட இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். ‘அடுத்த மாதச் சம்பளத்தோடு’ என்ற பழைய வாசகம் இன்னும் பல கையேடுகளில் இருக்கிறது. குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உண்டு என்பதும் அதே மாதிரி விடுபடும்.

தொகை, நாள், சதவீதம் எல்லாவற்றையும் கொள்கையின் உடலில் எழுதாமல் ஒரு பக்கப் பின்னிணைப்பில் போடுவது நல்லது. இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய் நாளைக்கே மாறினாலும் அந்த ஒரு தாளை மாற்றினால் போதும்.

ஆனால் சம்பளம், வேலை நேரம், ஷிப்ட், விடுப்பு போன்றவற்றை நிறுவனம் தானாக மாற்றும்போது அந்த நான்கில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பின் 40-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தொழிலாளருக்கு நோட்டீஸ் கொடுத்து 21 நாள் கழியாமல் அமல்படுத்த முடியாது. ஷீட்டில் ‘நோட்டீஸ் தேதி’ என்று தனிப் பத்தி சேர்த்து, அமல் தேதியிலிருந்து 21 நாளைக் கழித்துக் காட்டச் சொல்லலாம். பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர் பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று வருடம், அதற்கும் நினைவூட்டல் இப்படித்தான். குழுவில் இருந்தவர் வேலையை விட்டுப் போனது மட்டும் ஷீட்டுக்குத் தெரியாது, ராஜினாமா செக்லிஸ்ட்டிலேயே அந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஷீட்டின் லொக்கேல் (நாட்டு அமைப்பு) அமெரிக்காவில் இருந்தால் நவம்பர் 5 என்று நினைத்து 05/11 அடித்தது மே 11 ஆகிவிடும். செட்டிங்கில் இந்தியா என்று மாற்றிவிட்டுத்தான் முதல் வரிசையையே எழுத வேண்டும். பழைய தமிழ் ஆணைகள் சிலவற்றை பிடிஎஃப்-இலிருந்து காப்பி செய்தால் யூனிகோட் இல்லாததால் எழுத்து கொத்துப் பரோட்டாவாக வரும், தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை.

‘படித்தேன்’ என்று க்ளிக் செய்ய வைக்கும் ஹெச்.ஆர். ஆப் அலுவலகத்துக்குச் சரி. மெயில் ஐடியே இல்லாத ஷாப் ஃப்ளோருக்கு உதவாது. அங்கே ஷிப்ட் வாரியாகக் கையெழுத்துத் தாள்தான், தாளின் தலையில் கொள்கையின் பதிப்பு எண் கட்டாயம். நைட் ஷிப்ட்டும் ஒப்பந்தத் தொழிலாளரும்தான் எப்போதும் விடுபடுவார்கள். வடமாநிலத் தொழிலாளர் இருந்தால் ஒரு இந்திப் பிரதியும் ஒட்டுங்கள்.

பழைய பதிப்பை அழிக்காதீர்கள். 2024-இல் நடந்ததற்கு 2026-இல் வழக்கு வந்தால், அன்று அமலில் இருந்த கொள்கையைத்தான் கேட்பார்கள். ஷீட்டின் வெர்ஷன் ஹிஸ்டரியை நம்பி இருக்காமல், ஒவ்வொரு பதிப்பையும் அமல் தேதியைக் கோப்பின் பெயரிலேயே வைத்து பிடிஎஃப் ஆகத் தனி ஃபோல்டரில் சேமித்து, அந்த ஃபோல்டரில் எடிட் உரிமையை இரண்டு பேருக்கு மேல் கொடுக்காமல் இருப்பது பாதுகாப்பு.